தளம் நடத்துகிறீர்களா? இன்னொரு உலாவி வைத்துக்கொள்ளுங்கள்

சொந்தமாக இணையதளம் வைத்திருக்கும் நண்பர்களுக்காக இந்தப் பதிவு. கடைக்கு ஒன்று, சமையல் குறிப்புக்கு ஒன்று, ஊர்ச் சங்கத்துக்கு ஒன்று என்று நம்மில் பலரும் ஏதோ ஒரு தளத்தை நடத்திக்கொண்டிருக்கிறோம். நாளுக்கு நாலு தடவை திறந்தும் பார்க்கிறோம். ஆனால் நம் திரையில் தெரிவது ஒன்று, வாசகர் திரையில் தெரிவது வேறொன்று.

வேர்ட்பிரஸையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எந்நேரமும் நிர்வாகியாக உள்நுழைந்தபடியே இருக்கிறோம். உள்நுழைந்திருப்பவருக்குப் பெரும்பாலான கேச் செருகுநிரல்கள் பக்கத்தை அப்போதைக்கப்போது புதிதாகத் தயாரித்துக் கொடுக்கும். வெளியிலிருந்து வருகிறவருக்குப் போவது முன்பே தயாரித்துச் சேமித்து வைத்த பக்கம். காலையில் நாம் திருத்திய விலை நமக்கு உடனே தெரியும். வாங்க வருகிறவருக்கு மதியம்கூடப் பழைய விலையே தெரியலாம். வேகமும் அப்படித்தான். படங்களும் எழுத்துருக்களும் நம் கணினியில் முன்பே இறங்கிக் கிடப்பதால் நமக்குப் பக்கம் பறக்கிறது. முதன்முதலாக, கைப்பேசியில், பேருந்தில் உட்கார்ந்து திறப்பவருக்கு அது எப்படி ஊர்கிறது என்பது நம் கண்ணில் படுவதே இல்லை.

பவானியில் ஜமுக்காளம் விற்கும் நண்பர் ஒருவர் தன் புதுத் தளத்தைக் காட்டினார். முகப்பில் கடையின் பெயர் பெரிய எழுத்தில், வளைவுகள் உருண்டு திரண்டு அவ்வளவு அழகாக இருந்தது. என் மடிக்கணினியில் அதே பக்கத்தைத் திறந்தேன். விண்டோஸோடு வருகிற நிர்மலா எழுத்துருவில், தலைப்பு இரண்டு வரியாக உடைந்து, இரண்டாவது வரி கீழே இருந்த படத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. "எனக்கு நல்லாத்தானுங்க வருது" என்றார். அவருக்கு நன்றாகத்தான் வந்தது. நோட்டீஸ் அடிப்பதற்காக அவர் கணினியில் போட்டு வைத்திருந்த எழுத்துருவின் பெயரை மட்டும் தளத்தின் வடிவமைப்பில் எழுதியிருந்தார்கள். எழுத்துருக் கோப்பைத் தளத்தில் ஏற்றவே இல்லை. அந்தப் பெயரில் எழுத்துரு கணினியில் இருந்தால் உலாவி அதை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அந்தக் கருவியில் இருக்கும் தமிழ் எழுத்துருவைப் போடும்: ஆண்ட்ராய்டில் நோட்டோ, மேக்கில் தமிழ் சங்கம், விண்டோஸில் நிர்மலா. அவருடைய அழகான முகப்பு, அவர் ஒருவருக்காக மட்டுமே அச்சடித்ததாகிவிட்டது.

இந்த மாதிரிச் சங்கதிகளுக்காகத்தான் சொல்கிறேன். தளம் நடத்துகிறவர் கையில் உலாவி இரண்டு வேண்டும். அதில் அன்றாடம் புழங்குவது, ஊரே பயன்படுத்தும் குரோமாக இல்லாமல் இருந்தால் நல்லது. நான் பயர்பாக்ஸுக்கு மாறியிருக்கிறேன்.

மாறுவதென்றால் எட்ஜுக்கோ பிரேவுக்கோ மாறலாமே என்று கேட்கலாம். அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி எல்லாவற்றிலும் பக்கத்தை வரைந்து காட்டும் இயந்திரம் ஒன்றேதான். பிளிங்க் என்ற அதை 2013 ஏப்ரலில் ஆப்பிளின் வெப்கிட்டிலிருந்து கூகுள் தனியாகப் பிரித்தது. ஓபரா அதே ஆண்டு அந்தப் பக்கம் போனது. மைக்ரோசாப்டும் தன் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டு 2020 ஜனவரியில் அதே அடித்தளத்தில் புதிய எட்ஜை வெளியிட்டது. ஆகவே குரோமிலிருந்து எட்ஜுக்குப் போனால் உங்கள் தளம் அச்சு மாறாமல் அப்படியே தெரியும். வேறு கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மிஞ்சியிருப்பவை இரண்டு: பயர்பாக்ஸின் கெக்கோ, சஃபாரியின் வெப்கிட்.

பயர்பாக்ஸ் மேல் எனக்கு இருக்கும் பற்றுக்குத் தமிழும் ஒரு காரணம். யூனிகோட் பரவுவதற்கு முன்பு ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென்று ஒரு எழுத்துரு, ஒரு குறியேற்றம் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. எழுத்துருவைத் தானாக இறக்கிக் காட்டும் ஏற்பாடு இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும்தான் வேலை செய்யும். மற்றவர்களுக்குப் பக்கம் முழுக்கப் புரியாத குறிகள். அப்போது பத்மா என்றொரு பயர்பாக்ஸ் நீட்சி வந்தது. அந்தப் பழைய குறியேற்றங்களை அடையாளம் கண்டு, திரையில் யூனிகோட் எழுத்தாக மாற்றிக் காட்டிவிடும். தெலுங்கு, மலையாளம், தமிழ் என்று பல மொழிகளுக்கு அது உதவியது. ஒரு தளம் தராத வசதியை வாசகரே தன் உலாவியில் சேர்த்துக்கொள்ள முடியும் என்பதை நம்மில் பலருக்குக் காட்டியது அதுதான். அந்தக் காலத்துப் பயர்பாக்ஸ் 2இல் ஒரு தொல்லையும் இருந்தது. பத்தியை இருபுறமும் சீராக்கி வைத்திருந்தால் தமிழ் எழுத்துகள் பிய்ந்து, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகக் கிடக்கும். வார்ப்புருவில் சீராக்கச் சொல்லும் அந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொல்லி வலைப்பதிவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். 2008 ஜூனில் 3ஆம் பதிப்பு வந்து அதைத் தீர்த்தது.

இப்போது மாறுவதற்கு அவசரக் காரணம் ஒன்று சேர்ந்திருக்கிறது. மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய விதியை கூகுள் கொண்டுவந்து, 2024 ஜூனில் தொடங்கிப் பழைய வகை நீட்சிகளைக் குரோமில் படிப்படியாக நிறுத்தியது. பக்கம் எந்தெந்த முகவரிகளுக்குப் போய் எதை எடுத்துவருகிறது என்பதை இடைமறித்துத் தடுக்கும் அதிகாரத்தை அந்த விதி நீட்சிகளிடமிருந்து எடுத்துவிட்டது. ரேமண்ட் ஹில் எழுதிய விளம்பரத் தடுப்பான் யுபிளாக் ஆரிஜின் அதனால்தான் குரோமில் முழு வடிவத்தில் இல்லை. லைட் என்ற சுருங்கிய வடிவம்தான் இருக்கிறது. பயர்பாக்ஸில் முழுதாக வேலை செய்கிறது.

விளம்பரத் தடுப்பான் தளக்காரருக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். உங்கள் தளத்தைத் திறந்துகொண்டு யுபிளாக்கின் பொத்தானை அழுத்தி விரித்துப் பாருங்கள். உங்கள் பக்கம் எந்தெந்த வெளி முகவரிகளைத் தொடுகிறது என்று பட்டியல் வரும். எப்போதோ போட்டுப் பார்த்து மறந்த பகிர்வுப் பொத்தான், இலவச வார்ப்புருவோடு ஒட்டிக்கொண்டு வந்த ஏதோ ஒரு கணக்கெடுப்பு, பயன்படுத்தாத எழுத்துரு இணைப்பு எல்லாம் அங்கே தலைகாட்டும். பெயர் தெரியாத முகவரி ஒன்றைப் பார்த்தால் அது ஏன் அங்கே இருக்கிறது என்று தேடாமல் விடாதீர்கள். உங்களை நம்பி வருகிறவரை உங்கள் பக்கம் யாரிடமோ காட்டிக்கொடுக்கிறது என்று அர்த்தம். இன்னொரு நன்மையும் உண்டு. வருகைக் கணக்கெடுப்பு நிரல்களை யுபிளாக் தடுத்துவிடுவதால், நீங்கள் நாள் முழுக்கத் திறந்து பார்ப்பது கணக்கில் ஏறாது. சிறிய தளங்களில் சொந்தக்காரரின் வருகையே கணிசமான பங்கு என்பதால் இது பெரிய விஷயம். உங்கள் வாசகர்களில் தடுப்பான் வைத்திருப்பவர்களும் இதேபோல் கணக்கில் வராமல் போகிறார்கள் என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

மாறும் வேலை சுலபம். பயர்பாக்ஸே குரோமிலிருந்து புத்தகக்குறிகளையும் வரலாற்றையும் எடுத்துக்கொள்ளும். 2023 அக்டோபரில் வந்த 119ஆம் பதிப்பு முதல், இரண்டிலும் இருக்கும் சில நீட்சிகளையும் சேர்த்துக் கொண்டுவரும். கடவுச்சொற்களைக் கோப்பாக ஏற்றுமதி செய்து கொண்டுவருவதாக இருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அந்தக் கோப்பில் எல்லாக் கடவுச்சொல்லும் பச்சையாக, யார் திறந்தாலும் படிக்கிற மாதிரி இருக்கும். வேலை முடிந்த கையோடு அழித்துவிடுங்கள், குப்பைத்தொட்டியிலிருந்தும். மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளாதீர்கள்.

அதே 119ஆம் பதிப்பில் தமிழ்த் தளக்காரர்களுக்கு ஒரு புதையல் இருக்கிறது. அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், கண்காணிப்புப் பாதுகாப்பைக் கடுமையானது என்ற நிலைக்கு மாற்றுங்கள். நீங்களாக நிறுவிய எழுத்துருக்களை அதன்பின் பயர்பாக்ஸ் தளங்களுக்குக் காட்டாது. இயங்குதளத்தோடு வந்தவை மட்டும்தான் தெரியும். எழுத்துருப் பட்டியலை வைத்து ஆளை அடையாளம் காண்பதைத் தடுக்க அவர்கள் செய்த ஏற்பாடு அது. பவானி நண்பர் கணினியில் அதை மாற்றியதும் அவர் தளமும் என் திரையில் தெரிந்தது போலவே தெரிந்தது. எழுத்துருக் கோப்பை முறையாகத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று வடிவமைத்துக் கொடுத்தவரிடம் அவரே எடுத்துச் சொன்னார்.

இனி நீட்சிகள். முதலில் சேர்க்கச் சொல்வது, மொசில்லாவே தரும் மல்டி-அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ். ஒவ்வொரு தாவலையும் ஒரு நிறம் போட்டுத் தனித்தனி அறையாகப் பிரித்துவிடும். ஒரு அறையின் உள்நுழைவும் குக்கீயும் இன்னொன்றுக்குத் தெரியாது. பச்சைத் தாவலில் நிர்வாகி. நீலத் தாவலில் கட்டுரை எழுதும் உரிமை மட்டும் உள்ள கணக்கு. ஆரஞ்சுத் தாவலில் பொருள் வாங்கும் வாடிக்கையாளர். நிறமில்லாத தாவலில் யாரென்றே தெரியாத வழிப்போக்கர். நால்வரும் ஒரே சாளரத்தில் பக்கம் பக்கமாக. பச்சையில் விலையை மாற்றுங்கள், நிறமில்லாத தாவலைப் புதுப்பித்துப் பாருங்கள். பழைய விலை அங்கே நின்றால் கேச்சைக் காலி செய்ய வேண்டும் என்று அந்த நொடியே தெரிந்துவிடும். ஆரஞ்சில் ஒரு ஜமுக்காளத்தைக் கூடையில் போட்டு முகவரிப் படிவம் வரை போய்ப் பாருங்கள். பச்சையில் அந்த ஆர்டர் எப்படி வந்து விழுகிறது என்பதும் பக்கத்திலேயே தெரியும். இரண்டு கூகுள் கணக்கு, இரண்டு ஹோஸ்டிங் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் வெளியேறி உள்நுழைந்து வெளியேறும் வேதனை தீரும். இந்த ஒன்றுக்காகவே பயர்பாக்ஸுக்கு வரலாம் என்பேன்.

அடுத்தது வேவ். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எய்ம் என்ற அமைப்பு தருவது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் கணினியைக் காதால் கேட்டுப் பயன்படுத்துகிறவர்களும் உங்கள் பக்கத்தில் எங்கெங்கே தடுக்கி விழுவார்கள் என்று பக்கத்தின் மேலேயே குறி வைத்துக் காட்டும். சோதனை உலாவிக்குள்ளேயே நடப்பதால் இன்னும் வெளியிடாத பக்கத்தையும் சோதிக்கலாம். பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் அலசும் வெப்எய்ம் திரும்பத் திரும்பச் சொல்லும் முதல் குறை, மங்கலான எழுத்து. ஏறத்தாழ பத்துக்கு எட்டுப் பக்கங்களில் அது இருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற வேறுபாடாவது வேண்டும் என்பது உலகளாவிய அளவுகோல். பல வார்ப்புருக்களில் தேதிக்கும் படக்குறிப்புக்கும் போடுகிற இளஞ்சாம்பல் நிறம் அதில் மூன்றைக்கூட எட்டாது. நம் எழுத்தில் புள்ளி ஒன்று கண்ணுக்குத் தப்பினால் சொல்லே மாறிவிடும். அறுபது வயதைக் கடந்த வாசகர்கள் நிறைய வருகிற தமிழ்த் தளங்கள் சாம்பல் எழுத்தை இன்றைக்கே கறுப்பாக்கலாம்.

வேவ் கண்டுபிடிக்காத ஒன்றை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பக்கத்தின் மூலநிரலைத் திறந்து முதல் சில வரிகளில் மொழி என்ன என்று எழுதியிருக்கிறது பாருங்கள். பல தமிழ்த் தளங்களில் ஆங்கிலம் என்றே இருக்கும். மொழிக்குறி இருக்கிறதா என்று வேவ் பார்க்கும். உள்ளே இருப்பது தமிழா என்று பார்க்காது. என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் அந்தக் குறியைப் பார்த்துத்தான் எந்த மொழிக் குரலில் படிப்பது என்று தீர்மானிக்கின்றன. வேர்ட்பிரஸ் பொது அமைப்புகளில் தள மொழியைத் தமிழ் என்று மாற்றினால், வார்ப்புரு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால், அந்தக் குறியும் மாறிவிடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ் பெடரிக் எழுதிய வெப் டெவலப்பர் பட்டை பழைய நண்பன்: படங்களில் மாற்று உரை இல்லாதவற்றைக் கட்டம் போட்டுக் காட்டும். வாப்பலைசர் ஒரு தளம் எந்தெந்த மென்பொருளில் நிற்கிறது என்று சொல்லும். அடுத்தவர் தளத்தை நோண்டுவதைவிட, உங்கள் தளம் தன் பழைய பதிப்பு எண்ணை ஊருக்கெல்லாம் அறிவிக்கிறதா என்று பார்க்கவே அதைப் பயன்படுத்துங்கள். நிறம் எடுக்கும் கருவி, திரைப்பிடிப்பு, கைப்பேசி அளவில் பார்ப்பது இவற்றுக்கெல்லாம் நீட்சி தேடாதீர்கள், பயர்பாக்ஸிலேயே இருக்கின்றன. கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எம் தட்டினால் பக்கம் கைப்பேசி அகலத்துக்குச் சுருங்கும். எஸ் தட்டினால் முழுப் பக்கத்தையும் படமாக எடுக்கலாம். இ தட்டினால் நெட்வொர்க் பலகம் வரும்; அங்கே இணைப்பின் வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்து உங்கள் முகப்பைத் திறந்து பாருங்கள். நாலு எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருந்தால் அது வரி வரியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இருப்பதையே பயன்படுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீட்சி ஒன்றைச் சேர்க்கும்போது, எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவை அணுகும் என்று ஒரு வரி வரும். யோசிக்காமல் சரி என்று அழுத்திவிடுகிறோம். அது வீட்டுச் சாவியைக் கொடுப்பது. நீங்கள் நிர்வாகியாக உள்ளே இருக்கும்போது திரையில் தெரிகிற அத்தனையையும் அந்த நீட்சி படிக்கலாம், மாற்றலாம். உங்கள் வாடிக்கையாளர்களின் பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண் அதில் அடக்கம். சாதாரணப் பயனர் ஏமாந்தால் நஷ்டம் அவரோடு போகும். தளக்காரர் ஏமாந்தால் அவரை நம்பிப் பெயர் கொடுத்த அத்தனை பேருக்கும்.

இது வெறுமனே பயம் காட்டுவது அல்ல. தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒரு நீட்சி, இருபது லட்சம் பேர் வைத்திருந்தது, சும்மா கிடக்கும் தாவல்களைத் தூங்க வைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும். எழுதியவர் 2020இல் அதை வேறொருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் உள்ளே வேறு நிரலைப் புகுத்தினார். 2021 பிப்ரவரியில் தீநிரல் என்று சொல்லி கூகுள் அதை எல்லாக் கணினிகளிலும் முடக்கியது. மேலே பழைய நண்பன் என்றேனே, அந்த வெப் டெவலப்பரின் குரோம் பதிப்பும் 2017 ஆகஸ்டில் ஒருநாள் பறிபோனது. நீட்சிக் கடையிலிருந்து வந்தது போன்ற போலி மின்னஞ்சல் ஒன்றில் அதை எழுதியவர் சிக்கினார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் உலாவியில் விளம்பரம் புகுத்தும் பதிப்பு தானாகப் போய்ச் சேர்ந்தது. அவர் சில மணி நேரத்தில் மீட்டார், நடந்ததை ஒளிக்காமல் எல்லோருக்கும் சொன்னார். அதனால்தான் இன்றும் அதைப் பரிந்துரைக்கிறேன். 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற தரவுப் பாதுகாப்பு நிறுவனத்தின் நீட்சியே இதேபோன்ற மின்னஞ்சலில் பறிபோனது. நல்லவர் எழுதிய நீட்சியும் நாளைக்கு வேறு கைக்குப் போகலாம் என்பதுதான் இதில் கசப்பு.

ஆகவே நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். பயர்பாக்ஸில் தனித்தனி சுயவிவரங்கள் வைத்துக்கொள்ளலாம். நிர்வாகத்துக்கென்று ஒன்று: அதில் யுபிளாக், கன்டெய்னர்ஸ், கடவுச்சொல் பெட்டகம், வேறு எதுவும் கிடையாது. சோதனை நீட்சிகள் எல்லாம் இன்னொரு சுயவிவரத்தில். அதில் தளத்தின் நிர்வாகக் கணக்கு ஒருபோதும் திறக்கப்படாது. வெளியிடாத பக்கத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் உரிமை குறைந்த கணக்கு ஒன்றே போதும். புதிதாகச் சேர்க்கும்போது மொசில்லா பரிந்துரைக்கிறது என்ற முத்திரை உள்ளவற்றுக்கு முன்னுரிமை. அவற்றின் ஒவ்வொரு புதுப்பிப்பையும் அவர்களுடைய ஆட்கள் பார்த்த பிறகே வெளியிடுகிறார்கள். பயன்படுத்தாத நீட்சியை முடக்கி வைப்பதைவிட நீக்கிவிடுவேன்.

குரோமை நீக்க வேண்டாம். உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் அதில்தான் வருகிறார்கள். லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவியும் அதன் உள்ளேயே இருக்கிறது. அதை மறைநிலைச் சாளரத்தில் ஓட்டுங்கள், நீட்சிகள் குறுக்கே வந்தால் மதிப்பெண் தப்பாக வரும். பக்கத்தின் ஆகப் பெரிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. தமிழ் எழுத்துருக் கோப்பு கனமாக இருந்தால் அங்கேதான் முதலில் அடி விழும்.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. பக்க முகவரியில் தமிழ் போகும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது இடம் பிடிக்கும். உயிர்மெய்க் கொம்பும் புள்ளியும்கூடத் தனிக் குறிதான். அம்மா என்ற சொல்லுக்கு மட்டும் 45 இடம். வேர்ட்பிரஸ் முகவரிக்கு ஒதுக்குவது 200 இடம், எனவே நீளமான தமிழ்த் தலைப்பு நடுவிலேயே வெட்டுப்பட்டு நிற்கும். இரண்டு மூன்று சொல்லில் முகவரியை நீங்களே சுருக்கி எழுதிவிடுங்கள். வாட்ஸப்பில் ஒட்டும்போது அது எண்ணும் எழுத்துமாகச் சிதறாமல் தமிழாகவே போக வேண்டுமென்றால் பயர்பாக்ஸின் அபௌட் கான்ஃபிக் பக்கத்தில் டிகோட் யுஆர்எல்ஸ் ஆன் காப்பி என்ற வரியைத் தேடி அதை ட்ரூ ஆக்குங்கள். குரோமில் இதற்கு அமைப்பு இல்லை.

மூன்றாவது இயந்திரமான வெப்கிட்டை விண்டோஸில் சுலபமாகப் பார்க்க வழியில்லை. நம்மூர் ஐபோனில் எந்த உலாவியைப் போட்டாலும் உள்ளே அதுதான் ஓடுகிறது. வீட்டில் யாரிடமாவது ஐபோன் இருந்தால் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கி, முகப்பிலிருந்து பணம் கட்டும் பக்கம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். தலைப்பு எழுத்து, தேதி எடுக்கும் கட்டம், மேலே ஒட்டிக்கொண்டு வரும் பட்டை இந்த மூன்றையும் முதலில் கவனியுங்கள்.